கை கொடுக்குமா நம் தமிழ்?

சுவா சூ காங் பேருந்து நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். காதில் பாட்டு, கையில் கைத்தொலைபேசி, மனத்தில் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். இடக்கையில் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல.

"தம்பி, தமிழா?"

"ஆமாண்ணே."

"இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

படித்தேன். வேலையிடத்தில் தகட்டின் விளிம்பு பட்டு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அறுபட்டிருந்தன. 'ஃபிளெக்சர் டெண்டன்' தைக்கப்பட்டிருப்பதாகத் தாளில் இருந்தது. டெண்டனுக்குத் தமிழில் என்ன? எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"நரம்பு அறுந்துபோச்சாம்ணே. தைச்சிருக்காங்க. கட்டைக் கழட்டக் கூடாது. கையை அசைக்காம பத்திரமா வெச்சுக்குங்க."

தாளின் கீழ்ப்பகுதியில் இரண்டு படங்களும் ஆறேழு வரிகளும் இருந்தன. என் பேருந்து வந்துவிட்டது. "மத்ததெல்லாம் பயிற்சிண்ணே, கட்டுப் பிரிச்சப்புறம் செய்யறது" என்று சொல்லி, அடுத்த சந்திப்புத் தேதியைக் காட்டிவிட்டு ஏறிவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு சன்னலோரம் உட்கார்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ ஆறு வாரம் கழித்துத் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். கட்டு இல்லை. ஆனால் இரண்டு விரல்களும் மரக்குச்சிபோல் நின்றன. நடுவிரல் நுனியில் ஒரு கொப்புளம். சூடான தேநீர்க் குவளையைப் பிடித்திருக்கிறார், சுட்டது தெரியவில்லையாம்.

"தையல் பிரிக்க மட்டும் போனேன் தம்பி. பயிற்சிக்குக் குடுத்த தேதியில வண்டி கிடைக்கல. கட்டுப் பிரிச்சப்புறம் செய்யறதுதானேன்னு நானும் விட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரி ஒரு நாள்கூட அசைக்கலை. அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தேன்."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நன்றிதான் இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அந்தத் தாளில் எழுதியிருந்தது நான் சொன்னதற்கு நேர்மாறானது என்பதைப் பிறகுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

வாசக நண்பர்களே! கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்று கேட்பார்கள். கையில் உள்ள புண் கண்ணுக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் அந்தப் புண்ணுக்கு உள்ளே என்ன அறுந்தது, என்ன தைத்தார்கள், இனி என்ன செய்ய வேண்டும் என்பது தெரிய ஒரு கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடி மொழி. அதை நம் சமூகத்தில் யார் பிடித்துக் காட்டுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

விரலுக்குள் தசை இல்லை

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று செய்து பாருங்கள். வலக்கையால் இடது முன்கையைப் பற்றிக்கொண்டு இடக்கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். அசைவது விரல், ஆனால் துடிப்பது முன்கை! விரல்களை மடக்கும் தசைகளில் பெரியவை எல்லாம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் வெண்ணிறக் கயிறுகள் மணிக்கட்டைக் கடந்து, விரல்களில் சிறு வளையங்களுக்கு உள்ளே நுழைந்து, எலும்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பொம்மலாட்டக்காரரின் நூல்கள் மாதிரி. அந்தக் கயிறுதான் டெண்டன். பாடநூல் தமிழில் தசைநாண்.

ஒரு கையில் 27 எலும்புகள் உண்டு: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லவும், தொட்ட செய்தியை மூளைக்குத் திருப்பி அனுப்பவும் மூன்று முக்கிய நரம்புகள் மணிக்கட்டைக் கடந்து வருகின்றன. இவற்றோடு இரத்தக் குழாய்கள். இத்தனையும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் நெருக்கிக் கிடப்பதால், ஓர் அங்குல வெட்டு நான்கு விதமான சேதத்தை உண்டாக்கிவிடும்.

தசைநாண் அறுந்தால் இரு முனைகளும் இரப்பர்போல் உள்ளே சுருங்கிவிடும். மருத்துவர் அவற்றைத் தேடி இழுத்து வந்து வலுவான நூலால் இணைக்கிறார். ஆனால் கடினமான கட்டம் தையல் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. காயம் ஆறும்போது உடல் ஒருவிதப் பசையை உற்பத்தி செய்கிறது. அந்தப் பசை தசைநாணை மட்டும் ஒட்டாமல் சுற்றியுள்ள வளையங்களோடும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டிக்கொண்டால் விரல் மடங்காது. அதனால்தான், அமெரிக்காவில் கை அறுவை சிகிச்சைக்கு அடித்தளமிட்ட ஸ்டெர்லிங் பன்னெல், உள்ளங்கையின் மேற்பகுதியிலிருந்து விரலின் நடுப்பகுதி வரையிலான இடத்தை 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று குறிப்பிட்டார். அங்கே அறுந்ததை உடனே தைக்கவே மருத்துவர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர்களில் ஒருவர் லூயிவில் நகரின் ஹெரால்டு கிளைனெர்ட். 1960களில் அவருடைய குழுவினர், அறுந்த தசைநாணை உடனே தைத்துச் சில நாள்களிலேயே கட்டுப்பாட்டோடு அசைக்க வைத்தார்கள். அசைந்துகொண்டே ஆறும் தசைநாண் சுற்றியுள்ளவற்றோடு எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகள் பலவும் அந்த அடிப்படையில் வளர்ந்தவையே. விரல் முழுவதும் நீண்டுவிடாதபடி கையின் பின்புறம் ஒரு தாங்கி பொருத்துவார்கள். அந்தத் தாங்கிக்கு உள்ளேயே முதல் வாரத்திலிருந்து பயிற்சி நடக்கும். மறு கையால் விரலை மெல்ல மடக்கலாம். சொல்லிக்கொடுத்த அளவுக்குத் தானாகவும் மடக்கலாம். ஆனால் எதையும் பிடிக்கக் கூடாது, தூக்கக் கூடாது, தாங்கியைக் கழற்றக் கூடாது. தையல் முழு வலிமை பெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும்.

கவனித்தீர்களா? அசைக்க வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்ததைவிட அதிகமாகச் செய்தால் தையல் அறுந்துவிடும். குறைவாகச் செய்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மனிதனின் விரல் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் தொங்குகிறது. நான் அந்த இரண்டையும் சேர்த்து 'அசைக்காதீங்க' என்ற ஒரே சொல்லாக்கிக் கொடுத்தேன்.

எதுதான் நரம்பு?

இதில் என் அவசரம் ஒரு பாதி. மறுபாதி நம் மொழி வழக்கில் இருக்கிறது.

வீட்டில் நாம் எதையெல்லாம் நரம்பு என்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இரத்தம் எடுக்கும்போது தாதி தேடுவது 'நரம்பு'. அது இரத்தக் குழாய். கையைத் திருப்பினால் மணிக்கட்டில் புடைத்துத் தெரிவது 'நரம்பு'. அது தசைநாண். முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீர் என்று மின்சாரம்போல் பாய்வதும் நரம்பு. அது மட்டுமே உண்மையில் நரம்பு. மூன்றுக்கும் ஒரே சொல்!

அன்றாடப் பேச்சுக்கு இது போதும். மருத்துவமனையில் போதாது. தசைநாண் தைத்த கையைப் பயிற்சி கொடுத்து அசைக்க வேண்டும். நரம்பு தைத்த விரலில் உணர்ச்சி திரும்பப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை விரலைச் சூட்டிலிருந்தும் கூர்மையிலிருந்தும் கண்ணால் பார்த்துக் காக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு செய்திகள். அந்த அண்ணனுக்கு விரலின் தசைநாணோடு நரம்பும் அறுந்து தைக்கப்பட்டிருந்தது. 'நரம்பைத் தைச்சாச்சு' என்ற என் வாக்கியம் இரண்டையும் சேர்த்துக் குழப்பி, ஒன்றையும் விளக்காமல் விட்டுவிட்டது.

தமிழுக்கு இந்தத் துறையில் சொல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வலியைச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன! குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுருக்கென்று இழுப்பது, மரத்துப்போவது. 'மரத்துப்போச்சு' என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். 'விண்விண்ணென்று தெறிக்கிறது' என்றால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நல்ல மருத்துவருக்கு இவை பொன்னான தகவல்கள். ஆனால் இவை எல்லாம் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'பெயின்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது எல்லாம் 'நரம்பு' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. நடுவில் நிற்பவன் இருபக்கமும் ஏழையாக்கிவிடுகிறான். அன்று நடுவில் நின்றவன் நான்.

வேலூர் சொன்ன பாடம்

அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் கை அறுவை சிகிச்சையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் நம் தமிழ் மண். வேலூர்!

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். மதபோதகர்களான ஆங்கிலேயப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்து, மலைவாழ் மக்களிடையே வளர்ந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, வளைந்து மடங்கிய விரல்களோடு நூற்றுக்கணக்கானவர்களைக் கண்டார். இந்தக் கைகளை ஏன் யாரும் சரிசெய்யவில்லை என்று அங்கிருந்த தோல்நோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனிடம் கேட்டார். எலும்பு மருத்துவர் எவரும் அதுவரை அந்தக் கைகளை ஆராய்ந்ததில்லை என்பதே பதிலாக இருந்தது. ஒரு நோயாளியிடம் தன் கையை அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலி தாங்க முடியாத அளவுக்குப் பிடி! விரல்கள் வளைந்திருந்தாலும் முன்கைத் தசைகள் உயிரோடிருந்தன. செயலிழந்தவை உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே.

அப்படியானால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசைநாணை இடம்மாற்றிச் செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைக்கலாமே! போலியோவில் கையாளப்பட்ட இந்த முறையை 1940களின் இறுதியில் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்குக் கொண்டுவந்தார். மூடிய கைகள் விரிந்தன.

அவர் கண்டறிந்த இன்னொன்று அதைவிடப் பெரியது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போய்விடுவதால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் நோயாளியே நாள்தோறும் தன் கையைச் சேதப்படுத்திக்கொள்கிறார். துருப்பிடித்த பூட்டைப் பெரியவரான பிராண்டாலேயே திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டானாம். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி என்பது தண்டனை அன்று, காவல் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னார் பிராண்ட். தேக்காவில் நான் கண்ட தேநீர்க் கொப்புளமும் அந்தக் காவல் இல்லாத விரலின் கதைதான்.

எனினும் பிராண்டின் வாழ்க்கையில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த நிகழ்ச்சி வேறு. வெற்றிகரமாக அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் மீண்டும் வந்து நின்றார். இந்தக் கை பிச்சை எடுக்க உதவவில்லை என்பது அவர் குறை! கை விரிந்துவிட்டதால் யாரும் இரக்கப்படவில்லை. நோயின் தழும்பு இருந்ததால் யாரும் வேலையும் தரவில்லை. அறுவை அறையில் வென்ற கை தெருவில் தோற்றுவிட்டது. அதன் பிறகு, 1950களின் தொடக்கத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சிற்றூர்போல் குடிசைகளும் பட்டறையும் அமைத்து, சீரான கைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் 'புதுவாழ்வு' நிலையம் உருவானது. மாற்றிய தசைநாணுக்குப் புது வேலையைப் பழக்குவதும் சிகிச்சை, சூடு படாமல் கருவியைப் பிடிக்கக் கற்பிப்பதும் சிகிச்சை என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள்.

தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகிறது. ஆனால் வேலூரின் பாடம் பழையதாகவில்லை. தைப்பது பாதி. தைத்த கையோடு வாழக் கற்பது மீதி. முதல் பாதியைக் கத்தி செய்கிறது. இரண்டாம் பாதியைச் சொல்தான் செய்ய வேண்டும்.

கடல் கடந்து வந்த கைகள்

அந்த முதல் பாதிக்குச் சிங்கப்பூரில் குறையில்லை. பல நாடுகளில் எலும்பு மருத்துவத்தின் அல்லது பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையின் கிளையாக இருக்கும் கை அறுவை சிகிச்சை இங்கே தனிச் சிறப்புத் துறை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை ஆகியவற்றில் அதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. தலைமுடியைவிட மெல்லிய நூலால் நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாயையும் நரம்பையும் தைக்கிறார்கள். 1963ல் ஷாங்ஹாயில் சென் சோங்வெய் ஒரு தொழிலாளியின் துண்டான கையை ஒட்டியதும், 1965ல் ஜப்பானின் நாரா மாநிலத்தில் கோமட்சுவும் தமாயும் துண்டான கட்டைவிரலை ஒட்டியதும் அன்று உலக அதிசயங்கள். இன்று அது பயிற்சி பெற்ற மருத்துவர்கள் செய்யும் அறுவை சிகிச்சை.

ஆனால் அந்த நுண்ணோக்கியின் கீழ் வரும் கைகள் யாருடையவை? சுவா சூ காங்கிலிருந்து சிறிது தூரம் போனால் சுங்கை காடுட் தொழிற்பேட்டை. மர அறுவை ஆலைகளுக்கும் அறைகலன் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற இடம். அரசகேசரி சிவன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரியும். இன்னொரு பக்கம் பழைய சுவா சூ காங் சாலையை ஒட்டிப் பெரிய தங்குவிடுதி. காலையில் நாம் எல்ஆர்டி ஏறப் போகும் நேரத்தில் லாரியில் உட்கார்ந்து போகிறவர்களில் எத்தனையோ பேர் நம் மொழி பேசுகிறவர்கள். இயந்திரத்தோடு நாள் முழுவதும் உறவாடும் கைகள் அவை.

அவர்களுக்கு விரல் என்பது வெறும் உறுப்பு அன்று. ஏஜெண்டிடம் பட்ட கடன், தங்கையின் திருமணம், ஊரில் பாதி எழும்பி நிற்கும் வீடு எல்லாம் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கோரலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்று மருத்துவர் கணிக்க வேண்டும். அதற்குச் சிகிச்சை ஓரளவு முடிந்து காயம் நிலைபெற வேண்டும். அதுவரை காத்திருப்புதான். அப்படிக் காத்திருப்பவர்களுக்குத் தேக்காவில் இலவச உணவு தரும் கஃப் ரோடு திட்டத்தை டிடபிள்யூசி2 என்ற தொண்டூழிய அமைப்பு 2008ல் தொடங்கியது. நாம் தீபாவளிச் சந்தைக்குப் போகும் அதே தெருக்களில்தான் இதுவும் நடக்கிறது. நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

இது 'அவர்கள்' பிரச்சினை மட்டுமா?

சொந்த வீட்டுக்கும் வருவோம். என் பாட்டி நள்ளிரவில் எழுந்து கையை உதறுவார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகுமாம். "வாயு" என்பார், பூண்டு தின்பார். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் 'கார்ப்பல் டனல்' பிரச்சினை என்று தெரிந்தது. நரம்புக்கு மேலே கூரைபோல் இருக்கும் நாரை வெட்டி இடம் கொடுப்பது சிறிய அறுவை சிகிச்சைதான். ஆனால் பாட்டியின் கட்டைவிரல் அடித்தசை அதற்குள் பாதி வற்றிவிட்டது. சட்டை ஊக்கு மாட்ட இன்றும் பேத்தியைக் கூப்பிடுகிறார். காலையில் விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு 'டக்' என்று விடுபடும் நோயும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களிடம் அது அதிகம். நம் சமூகத்தில் நீரிழிவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்ற ஒரு சொல் இவை அனைத்தையும் மூடி மறைத்துவிடுகிறது. சரியான சொல் இல்லாத இடத்தில் சரியான நேரத்தில் சிகிச்சையும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

சிலர் கேட்கலாம்: மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் இல்லையா? கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இல்லையா? மருத்துவமனையில் தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் உதவி பெரிது. ஆனால் கையைப் பொறுத்தவரை பிரச்சினை மருத்துவமனையைவிட்டு வெளியே வந்த மறுநாள் தொடங்குகிறது. தங்குவிடுதிக் கட்டிலில், இரவு பத்து மணிக்கு, கையில் ஓர் ஆங்கிலத் தாள். செயலி 'தசைநாண்' என்று சரியாகவே சொன்னாலும், அந்தச் சொல்லை வாழ்நாளில் கேட்டிராதவருக்கு அதனால் என்ன பயன்? 'முன்கையிலிருந்து விரலை இழுக்கும் கயிறு' என்று சொன்னால் புரியும். அதைச் செயலிக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

வேறு சிலர் கேட்கலாம்: தமிழ்ப் பேரவைக்கு இது வேலையா? நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், கவிதை எழுதுகிறோம். எல்லாம் தேவையே, நானும் அவற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக்கல்லூரி வரை தமிழ் படித்து, மேடையில் அடுக்குமொழி பேசிய எனக்கு, ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஆறு வரிகளை மொழிபெயர்க்கத் தெரியவில்லை. தமிழ் வாழ வேண்டும் என்று முழங்குகிறோம். ஒரு மொழி வாழ்வது அதை நம்பி ஒருவன் தன் கையைக் கொடுக்கும்போது அல்லவா?

என் தவறிலிருந்தே சொல்கிறேன்: ஆர்வம் மட்டும் போதாது. தெரியாததை ஊகித்துச் சொல்வது மௌனத்தைவிட ஆபத்து. ஆகவே என் பரிந்துரைகள் மூன்று.

முதலாவது, ஒரு பக்கத் தமிழ்த் தாள். தசைநாண் தைத்தவருக்கு ஒன்று, நரம்பு தைத்தவருக்கு ஒன்று, கட்டு உள்ளவருக்கு ஒன்று. பேச்சுத் தமிழில், படத்தோடு, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவோருக்காக ஒலிப்பதிவோடு. மருத்துவமும் இயன்முறைச் சிகிச்சையும் படிக்கும் நம் உறுப்பினர்கள் வரைவு எழுதட்டும். கைச் சிகிச்சையில் அனுபவமுள்ளவர் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கட்டும். அதற்கு முன் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது.

இரண்டாவது, 'திருப்பிச் சொல்லுங்கண்ணே' என்ற பழக்கம். யாருக்கு எதைப் படித்துக் காட்டினாலும், அவர் புரிந்துகொண்டதை அவர் வாயால் ஒருமுறை சொல்லக் கேட்க வேண்டும். நான் அன்று இதைக் கேட்டிருந்தால், 'அப்ப அந்தப் படம் எதுக்கு தம்பி?' என்று அவரே கேட்டிருப்பார். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லி, தாளில் உள்ள எண்ணுக்கு அவர் சார்பில் தொலைபேசியில் பேச வேண்டும். பேருந்து பத்து நிமிடத்தில் இன்னொன்று வரும்.

மூன்றாவது, எல்லாரும் அறிய வேண்டிய ஒரு முதலுதவி. விரல் துண்டாகிவிட்டால் அழுத்திக் கட்டி இரத்தத்தை நிறுத்துங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. தண்ணீரில் ஊறவும் கூடாது. உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள். குளிர்ச்சியாக வைத்தால் விரல் பல மணி நேரம் தாங்கும். இதைத் தமிழில் ஒரு சுவரொட்டியாக அச்சடித்துத் தேக்காவிலும் தங்குவிடுதிகளிலும் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? நம் கலைநிகழ்ச்சியின் மேடை அலங்காரச் செலவில் ஒரு பங்குகூட ஆகாது.

அந்த அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுவாரம் நான் அவரோடு சிகிச்சைக்குப் போனேன். சுவா சூ காங்கிலிருந்து புறப்பட்டு, அதன் பிறகு பல வாரங்கள் போனேன். மெழுகில் கையை நனைத்து, நீவி, மடக்கி, நீட்டி, ஒவ்வொரு பாகையாக அளந்தார்கள். சில மாதங்களுக்குப் பின், ஒட்டிக்கொண்ட தசைநாணைப் பிரிக்க இன்னோர் அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆள்காட்டி விரல் ஓரளவு மடங்கியது. நடுவிரல் கடைசிவரை உள்ளங்கையைத் தொடவில்லை. இப்போது அவர் ஊரில் இருக்கிறார். சிறு மளிகைக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குப் பேசுவார். என்னை இன்னும் 'உதவி செஞ்ச தம்பி' என்றுதான் வீட்டாரிடம் அறிமுகப்படுத்துகிறார். நான் மறுத்துப் பேசிப் பேசிக் களைத்துவிட்டேன்.

நட்புக்கு உவமை தேடிய வள்ளுவர் கண்ணில் பட்டது ஒரு கை. ஆடை நழுவும் கணத்தில், யாரும் ஏவாமலேயே விரைந்து போய்ப் பிடிக்கும் கை. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். இனி அடுத்த முறை ஒருவர் கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, தமிழா?" "தங்கச்சி, தமிழா?" என்று கேட்கும்போது, 'ஆம்' என்று சொல்லும் தகுதி நமக்கு இருக்க வேண்டும்.

காதிலிருந்து பாட்டைக் கழற்றுங்கள். பேருந்தை விடுங்கள். கடைசி வரி வரை படித்துக் காட்டுங்கள்.